மீட்டருக்கு முன், மீட்டருக்குப் பின்

பிப்ரவரி 5, புதன்

கம்பெனி வக்கீல் பிரசன்னா சொன்னதால் எழுதுகிறேன். "இனிமே யாரு என்ன கேட்டாலும் அன்னன்னிக்கே எழுதி வெச்சிடுங்க சார். எந்த எடம், என்ன பேச்சு, எல்லாம். பின்னாடி உதவும்" என்றார். வால்வு விற்கிறவர்கள் இனாமாகக் கொடுத்த டயரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. பின்னாளில் வேறு யாராவது படிக்க நேர்ந்தால் குழம்பக்கூடாது, ஆகவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஞானஸ்கந்தன். தஞ்சாவூரில் கீழ்த்திசை எனர்ஜி என்ற தனியார் கம்பெனியில் ஒப்பந்தப் பிரிவு மேலாளர். பதினோரு வருடமாக என் வேலை ஒரே ஒரு ஒப்பந்தத்தைப் படிப்பது. சிரிக்க வேண்டாம். ஒழுங்காகப் படிக்கிறவனுக்கு அதுவே ஆயுசுக்கும் போதும்.

விஷயம் இதுதான். மண்ணுக்கு அடியில் இருக்கும் எரிவாயு அரசாங்கத்தின் சொத்து. கொத்தங்கரையில் கிணறு தோண்டி அதை எடுத்து விற்பவர்கள் நாங்கள். விற்பதில் ஒரு பங்கை அரசுக்கு ராயல்டி கட்ட வேண்டும். எந்த விலையில் கணக்குப் போட்டுக் கட்டுவது என்பதைப் பதினான்காம் பிரிவு சொல்கிறது: கிணற்று வாயில் என்ன விலையோ அந்த விலை. கிணற்று வாயில் யார் வந்து எரிவாயு வாங்குகிறார்கள்? எங்கேயோ தள்ளி இருக்கும் மின் நிலையத்தின் வாசலில்தான் விற்கிறோம். அதனால் விற்ற விலையிலிருந்து வழிச்செலவைக் கழித்துக்கொண்டே பின்னால் போனால் கிணற்று வாய் விலை வந்துவிடும். எந்தச் செலவைக் கழிக்கலாம்? மீட்டரைத் தாண்டிய பிறகு ஆகும் செலவை மட்டும். மீட்டருக்கு முன்னால் ஆகும் செலவு எங்கள் தலையில்.

எரிவாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் கம்ப்ரஸரின் செலவையும் நாங்கள் கழித்து வருகிறோம். கழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அப்போது கம்ப்ரஸர் மீட்டருக்குப் பின்னால் இருந்தது. வெள்ளம் வந்த வருடம் பழைய மீட்டர் கெட்டுப்போய், புதிய மீட்டரை வேறு இடத்தில் வைத்தார்கள். இப்போது கம்ப்ரஸர் மீட்டருக்கு முன்னால் நிற்கிறது. எங்கள் துணைத் தலைவர் ஜெகந்நாதன் சாரிடம் இதை அன்றே சொன்னேன். "கேக்குறப்போ பாத்துக்கலாம் ஞானம்" என்றார்.

இன்று கேட்டுவிட்டார்கள். ராயல்டி கணக்கைச் சரிபார்க்கும் அரசு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். கம்ப்ரஸர் மீட்டருக்கு முன்னால் இருக்கிறது, கழித்தது செல்லாது என்று அப்படியே எழுதியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது? புதிய வரைபடம் என் பீரோவில் பூட்டி இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் நான், ஜெகந்நாதன் சார், கிணற்றில் வேலை பார்க்கும் அந்தோணி. மூன்றே பேர்.

"உள்ளேருந்துதான் யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியணும்" என்று சார் என்னைப் பார்த்துச் சொன்னார். அறையில் நாலு பேர் இருந்தோம். மற்றவர்களைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அந்தோணியைப் போனில் பிடித்தேன். "கிணத்துக்குள்ள வெளியாளு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டேன். "உள்ளயா? உள்ள ஒரு ஆளு வரல சார்" என்றான். பழைய ஆள், நம்பலாம். சாயங்காலம் மகள் குழலிக்கு இருமல் மருந்து வாங்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சபாபதி வந்திருந்தான். என் மனைவி வேதநாயகியின் தம்பி, முழுப் பெயர் நடனசபாபதி. கரந்தையில் வீடு. அவன் வேலை பார்ப்பது எந்த அலுவலகத்தில் என்றால், நோட்டீஸ் வந்ததே, அதே அலுவலகத்தில். என் கல்யாண நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஓர் ஏற்பாடு: வீட்டில் வேலையைப் பேசுவதில்லை. ஒருநாளும் மீறியதில்லை. இப்போது அதுவே எனக்கு உறுத்துகிறது. மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஒருநாளாவது வாய் தவறி ஏதாவது சொல்லியிருக்க மாட்டானா?

குழலியின் காதுகுத்துக்கு நாள் பார்க்க வந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும், அந்த மடிக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. மார்ச் 16 என்று முடிவானது. "தோடு நான் பாத்து வெச்சிட்டேன் அத்தான். நீங்க பந்தியை மட்டும் பாத்துக்குங்க. போன தடவ மாதிரி ரசத்துல உப்ப மறந்துடாதீங்க" என்றான். வேதா சிரித்தாள். நானும் சிரித்தேன், பார்வை மட்டும் வாசலில் இருந்தது.

வாசலில் அவன் ஷூ. கணுக்கால் வரைக்கும் மண். நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவனுக்கு ஷூவில் ஏன் மண்? முகமும் கறுத்திருந்தது. "என்ன மாப்ள, வெயில்ல சுத்துறியா?" என்றேன். "ஆமாத்தான், கொஞ்சம் வெளிவேலை" என்று சொல்லிவிட்டுக் குழலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. கேட்காமல் விட்டதற்கு வரவில்லை.

அவன் போன பிறகுதான் பொங்கல் முடிந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. ஜனவரி 19. ராயல்டி ரிட்டர்ன் தயாரிக்க வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. சபாபதி வந்தான், சாப்பிட்டான். அவன் உட்காருவதற்கு முன் வரைபடத்தை மடித்தேன். மடித்தேன் என்றுதான் நினைவு.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேதா மத்தியானம் கரந்தைக்குப் போய் வந்திருக்கிறாள். நானாகக் கேட்டபோதுதான் சொன்னாள்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் போயிட்டு வந்தேன்."

வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் மாறிச் சும்மா போகிறவர்களை நான் பார்த்ததில்லை. "சும்மான்னா?" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தாள். "உங்ககிட்ட வாயைத் தொறந்தா வக்கீல் நோட்டீஸ்தான்" என்று சமையலறைக்குள் போனாள். தூக்குச்சட்டியைக் காணோம். தம்பிக்குக் குழம்பு கொண்டு போயிருக்கிறாள், சரி. கொண்டு போனது குழம்பு மட்டும்தானா?

இப்படி எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் பிரசன்னா எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டு நாளாக ஆபீசில் என்னிடம் யாரும் ஃபைல் தருவதில்லை. பீரோ சாவியை நிர்வாகப் பிரிவில் கொடுத்துவிடச் சொல்லி ஆள் வந்தான். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறுகிறது. நேற்றுவரை என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த பையன்கள்.

காபி நேரத்தில் ஜெகந்நாதன் சார் கூப்பிட்டார். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார்.

பேச்சுவாக்கில் சொன்னேன், மச்சினன் அந்த ஆபீசில்தான் இருக்கிறான் என்று. ஜனவரியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தான் என்றும் சொன்னேன். குற்றம் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன், அவ்வளவுதான்.

சார் தன் காபியை என் பக்கம் நகர்த்தி, "சர்க்கரை போட்டுக்க" என்றார். அரை மணியில் சாவி திரும்பி வந்தது.

பிப்ரவரி 15, சனி

மீன் வாங்கினேன். கொடுவா. வேதா இவ்வளவு பெரிய மீன் எதற்கு என்று கேட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

பிரசன்னா வாக்குமூலத்தைத் தயார் செய்து கொண்டுவந்தார். அந்த அலுவலகத்தின் மேலிடத்துக்குக் கம்பெனி ஒரு புகார் கொடுக்கப் போகிறது. நேர்மையற்ற வழியில் தகவல் வாங்கிப் போட்ட நோட்டீஸ், ஆகவே செல்லாது என்று. அதற்கு என் வாக்குமூலம் துணை. "உங்க பேரு வெளிய வராது சார். மேல இருக்கிறவங்க மட்டும் பாப்பாங்க" என்றார்.

வரி வரியாகப் படித்தேன். என் மனைவியின் தம்பி இன்ன அலுவலகத்தில் பணிபுரிகிறார். ஜனவரி 19 ஞாயிறு என் வீட்டுக்கு வந்தார். அப்போது சாப்பாட்டு மேஜை மேல் வரைபடம் இருந்தது. அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். பதினேழு நாளில் நோட்டீஸ் வந்தது. பிப்ரவரி 9 அன்று அவர் காலணியில் களத்துக்குப் போய் வந்தது போன்ற மண் இருந்தது.

ஒரு வரியில்கூடத் தவறு இல்லை. அவன் எடுத்தான் என்று எங்கேயும் சொல்லவில்லை. மடித்தேனா இல்லையா என்பது அதில் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

சபாபதியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

வேதா போனை வைத்துவிட்டு அடுப்பை அணைக்காமல் அப்படியே நின்றாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன். "எவனோ ஆகாதவன் எழுதிப் போட்டிருக்கான்ங்க. ஏதோ ஒரு கம்பெனி பேப்பர இவன் திருட்டுத்தனமாப் பாத்தானாம். ஒருத்தன் சாப்பாட்டுல மண்ணள்ளிப் போட எப்படித்தான் மனசு வருதோ. அவன் கை வெளங்குமா?" என்றாள்.

என் கை அப்போது அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

விசாரணை என்றால் விசாரிக்கட்டுமே. தப்பு செய்யாதவன் வெளியே வந்துவிடப் போகிறான். செய்திருந்தால் நான் சொன்னது சரி. எப்படிப் பார்த்தாலும் என் பக்கம் பிழை இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

"நேர்ல ஒரு தடவ கிணத்தப் பாத்துட்டு வந்துடுங்க. கேட்டா, பாத்திருக்கேன்னு சொல்லணும்ல" என்று பிரசன்னா சொல்லியிருந்தார். பதினோரு வருடத்தில் நான் கொத்தங்கரைக்குப் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எனக்கு வேண்டியது எல்லாம் காகிதத்தில் இருந்தது.

திருவாரூரில் இறங்கி மினி பஸ் பிடித்தேன். "கேஸ் கெணறா? அந்தா, சத்தம் கேக்குதுல்ல, அங்கதான்" என்று நடத்துனர் நடு ரோட்டில் இறக்கிவிட்டார். ரெண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல். ரோட்டை ஒட்டிக் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருந்தது.

கிணற்று வாய் என்பது சிவப்புப் பெயின்ட் அடித்த ஆளுயரக் குழாய் அடுக்கு. இதைப் பற்றி நான் எழுதிய பக்கங்களை அடுக்கினால் அதைவிட உயரம் வரும். அதிலிருந்து தடிமனான ஒரு குழாய் கிளம்பித் தகரக் கொட்டகைக்குள் போகிறது. கொட்டகையில் கம்ப்ரஸர், காது கிழிகிற சத்தம். அதிலிருந்து குழாய் வெளியே வந்து மீட்டருக்குப் போகிறது. மீட்டருக்கு மேலே, பாதுகாப்பு விதிப்படி, ரோட்டைப் பார்த்து மஞ்சள் பலகை. 'மீட்டர். தொடாதே.' பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற எழுத்து.

கிணறு, கம்ப்ரஸர், மீட்டர். பீரோவில் பூட்டி வைத்திருந்தேனே, அது இதுதான்.

வேலியோரம் ஆடு கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம், இதையெல்லாம் பார்க்க யாராவது வருவார்களா என்று கேட்டேன். "பாக்க என்ன இருக்கு? அந்தா தெரியுதே" என்று கையைக் காட்டிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தோணி ஓடி வந்தான். நான் வந்ததில் அவனுக்கு ஒரே சந்தோஷம். டீ வாங்கி வரச் சொன்னான்.

"ஜனவரில ஒரு பொண்ணு வந்துச்சு சார். ஸ்கூட்டில. ரோட்டுல நின்னுக்கிட்டே போட்டோ எடுத்துச்சு. கேட்டதுக்கு, ராயல்டி ஆபீசு, புதுசா வேலைக்கி வந்திருக்கேன்னுச்சு. தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"உள்ள யாராச்சும் வந்தாங்களான்னுதான சார் கேட்டீங்க? அது உள்ள வரலயே."

வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. வாய்க்கால் தண்ணீர் கசிந்து சேறாகக் கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் குச்சியால் ஷூவைச் சுரண்டினேன். கறுப்புக் களிமண், விடுவதாக இல்லை. சபாபதியின் ஷூவில் இருந்தது சிவப்பு. வல்லம் பக்கத்துச் செம்மண் அது, தஞ்சாவூர்க்காரன் எவனும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். நானும் தஞ்சாவூர்க்காரன்தான்.

திரும்பி வரும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது.

மார்ச் 5, புதன்

ஜெகந்நாதன் சாரிடம் சொன்னேன். ரோட்டில் நின்றால் எல்லாம் தெரிகிறது, யாரும் நம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை, வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று.

"எதுக்கு?" என்றார். உண்மையாகவே புரியாதவர் மாதிரி கேட்டார். "அதுல ஏதாவது பொய் இருக்கா?"

"வரி எல்லாம் சரிதான் சார். ஆனா..."

"அப்புறம் என்ன? உன் பேப்பராலதான் அந்த நோட்டீஸையே நிறுத்தி வெச்சிருக்காங்க. ஏப்ரல்ல தலைமை மேலாளர் போஸ்டுக்கு உன் பேரதான் அனுப்பியிருக்கேன். போ, போய் வேலையைப் பாரு."

போனேன்.

மார்ச் 6, வியாழன்

சிலிண்டர் பதிவு செய்தேன். குழலிக்குக் கடைவாய்ப்பல் வருகிறது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சபாபதி வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மெமோவை என் கையில் கொடுத்து, "நீங்கதான் இதுக்குப் பதில் எழுதித் தரணும் அத்தான். ஒரு எழுத்தையும் விடாம படிக்கிறவங்க நம்ம குடும்பத்துல வேற யாரு இருக்கா?" என்றான்.

மெமோ மூன்று வரி. கீழ்த்திசை எனர்ஜி நிறுவனத்தின் ரகசிய ஆவணத்தை முறையற்ற வழியில் பார்த்து, ஆய்வு அதிகாரிக்குத் தெரிவித்ததாகப் புகார் வந்துள்ளது, விளக்கம் தருக.

"இந்த ஃபைலே ஒங்கிட்ட இருந்ததா மாப்ள?" என்றேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

வேதா பதில் சொன்னாள். "உங்க கம்பெனி ஃபைல் அவன் செக்‌ஷனுக்கு வந்த அன்னைக்கே, எங்க அத்தான் அங்க இருக்காரு, நான் இதத் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டான். அதுக்குத்தான் அவன வல்லத்துல கிராவல் லாரி செக் பண்ணத் தூக்கிப் போட்டாங்க. போன நவம்பர்லேருந்து வெயில்ல நின்னான். அதான் நான் சாப்பாடு கொண்டுபோயி அவன் வீட்ல வெச்சுட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அத்தானுக்கு ஆபீஸ்ல சங்கடமாயிடும், சொல்லாதக்கான்னான்."

குழலி அவன் தோளில் ஏறி முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. பதில் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு எழுதினேன். இதைவிட நல்ல பதிலை நான் எழுதியதில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான்.

எதிராளி எதைச் சொன்னாலும் நிற்கக் கூடாது, அப்படி எழுத வேண்டும். ஒவ்வொரு புள்ளியாக எடுத்து உடைத்தேன். ஆய்வு அதிகாரி ரோட்டில் நின்று தானே பார்த்தார், போட்டோவும் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று முதலில் போட்டேன். பிறகு மற்றவை. எங்கும் ஓட்டை இல்லை.

இது போய்ச் சேர்ந்தால் சபாபதி வெளியே வந்துவிடுவான். என் வாக்குமூலம் மேலிடத்து ஃபைலில் தூங்கும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் நல்லதாக முடியும் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

காதுகுத்து நடந்தது.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வைத்தோம். சபாபதி சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் கொண்டுவந்தான். சஸ்பெண்டில் இருக்கிறவன் எதிலும் குறை வைக்கவில்லை. ஆசாரி வரக் கொஞ்சம் நேரமானது. அந்த இடைவெளியில் பதிலை அவனிடம் கொடுத்தேன். அப்போதே கொடுத்திருக்க வேண்டாம். அவன் முகம் தெளிவதைப் பார்க்க எனக்கு அவசரம்.

தூணோரம் நின்று படித்தான். முதல் பக்கம் முடியும்போது முகம் தெளிந்தது, நான் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் நின்றான். திரும்ப முதலிலிருந்து படித்தான். சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் இவ்வளவு நிதானமாகப் படிப்பான் என்று எனக்குத் தெரியாது.

"அத்தான்" என்றான். சத்தம் போடவில்லை. "ஜனவரி பத்தொம்பதாம் தேதி சாப்பிட மட்டுமே போனேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"மேஜை மேல இருந்த வரைபடம் மடிச்சிருந்துச்சு, என் கண்ணுல படலன்னு எழுதியிருக்கீங்க. ஷூவுல இருந்தது வல்லத்து மண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"எல்லாம் உண்மைதானே மாப்ள."

"உண்மைதான். ஆனா எனக்குக் குடுத்த மெமோவுல தேதி கெடயாது. வீடு கெடயாது. மேஜை கெடயாது, ஷூவும் கெடயாது. இதெல்லாம் எம்மேல சொல்லியிருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதினோரு வருடம். எதிராளி என்ன கேட்பான் என்று யோசித்து யோசித்து வந்த பழக்கம். அவன் கையில் இருந்த கேள்விக்குப் பதில் எழுதாமல், நான் கையெழுத்துப் போட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட விடாமல்.

அதற்குள் ஆசாரி வந்துவிட்டார். தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். சபாபதி காகிதங்களை மடித்துப் பையில் வைத்தான், வேட்டியைச் சரி செய்துகொண்டு பலகையில் உட்கார்ந்தான், குழலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கியபோது அவள் வீறிட்டாள். அவன் அவள் கை ரெண்டையும் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுதுடா, முடிஞ்சுதுடா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் கண்ணிலும் தண்ணீர். குழந்தை அழுவதால் என்று எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

பந்திக்கு இலை போட்டார்கள். குழலி என் மடியில் இருந்தாள், சபாபதியைக் காணோம். வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வேதா என்னிடம் வந்தாள்.

"தம்பி சாப்பிடாம போறான். தாய்மாமன் சாப்பிடாம போனா ஊரு என்ன பேசும்? கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

இதற்குச் சொல்ல என்னிடம் ஏழெட்டுப் பதில் இருந்தது. ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்திருக்கும்.

"அவன மாட்டிவிட்டது நான்தான்" என்றேன்.

முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள். குழலி என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். பந்தியில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

பிரசன்னா கம்பெனியின் வக்கீல், இதை அவர் செய்ய மாட்டார். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிற அம்மாளிடம் போனேன். வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அடிக்கச் சொன்னேன்.

"அதுல எந்த வரி பொய்யின்னு போடணும் சார்?"

"வரி எல்லாம் உண்மைதாம்மா."

"அப்பறம் எத வாபஸ் வாங்குறீங்க?"

"மொத்தத்தையும்" என்றேன். காரணம் என்று ஒரு இடம் விட்டிருந்தார். நான் அந்த ஆளைச் சந்தேகப்பட்டேன், அந்தச் சந்தேகம் பொய், அவரிடம் நான் நேரில் கேட்கவே இல்லை என்று போடச் சொன்னேன். இப்படியெல்லாம் வழக்கத்தில் எழுதுவதில்லை என்று சொல்லிக்கொண்டே அடித்தார். நோட்டரியிடம் முத்திரை வாங்கிச் சபாபதியின் மேலிடத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நகலை ஜெகந்நாதன் சார் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "சாவியை வெச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டேன். ஏப்ரலில் யார் தலைமை மேலாளர் என்று தெரியாது.

அங்கிருந்து நேராகக் கரந்தை. கதவை வேதா திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. முத்திரை போட்ட நகலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், பிரித்துப் பார்க்கவில்லை.

"சபாபதியப் பாக்கணும்" என்றேன்.

"தம்பி வீட்ல இல்ல" என்றாள்.

அவள் பின்னால் உள் அறையில் குழலி சிரிக்கும் சத்தம் கேட்டது. யானை மாதிரி பிளிறிக் காட்டி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த குரலும் கேட்டது. இருவருக்கும் கேட்டது. வேதா கண்ணை இறக்காமல் நின்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.